பண்டாராயா மீனை ஆற்றில் விட்டால் என்ன தப்பு? அரசாங்கம் அதைக் கிலோ ஒரு வெள்ளிக்கு ஏன் வாங்குகிறது?

செந்தூல் தொட்டிக்காரன் எழுதியது:

வணக்கம். வீட்டில் ஒரு சின்னச் சண்டை, அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இங்கே வந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மகனுக்காக மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினோம். கண்ணாடியில் பாசி படிகிறது என்று சொன்னதும் கடைக்காரர் கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி தின்னும் மீன் என்று விரல் நீளத்தில் ஒரு பண்டாராயா மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார், மூன்று வெள்ளியோ நான்கு வெள்ளியோ. பண்டாராயா, அதாவது மாநகராட்சி, ஆட்கள் ரோட்டைக் கூட்டுகிற மாதிரி இது தொட்டியைக் கூட்டும், அதனால்தான் அந்தப் பெயர் என்று சிரித்தார். இப்போது அது ஒன்றரை அடி. திரும்பக்கூட இடம் இல்லை, ராத்திரியில் வாலால் கண்ணாடியை அடிக்கிற சத்தத்தில் தூக்கம் போகிறது. சுத்தம் செய்வதைவிட அது போடும் கழிவுதான் அதிகம்.

மனைவி சொல்வது: பாவம், உயிரைக் கொல்ல வேண்டாம், பத்துமலைப் பக்கம் ஆறு ஓடுகிறது, அங்கே கொண்டுபோய் விடுங்கள், புண்ணியமாவது கிடைக்கும். மகன் படிவம் நான்கு படிக்கிறான், அவன் குதிக்கிறான்: கூடவே கூடாது அப்பா, அது ஆக்கிரமிப்பு இனம், செலாங்கூரில் அதைப் பிடித்துக் கொடுத்தால் அரசாங்கமே கிலோவுக்கு ஒரு வெள்ளி தருகிறது.

என் கேள்வி இரண்டு. ஆறு முழுக்க ஏற்கெனவே இந்த மீன்தான் என்கிறார்கள், அதில் என் ஒரு மீன் போனால் என்ன ஆகிவிடும்? அப்புறம் இந்த அரசாங்கத் திட்டம் உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லை அமைச்சர் வலை வீசி போட்டோ எடுத்துக்கொள்வதோடு முடிகிறதா? இவ்வளவு மோசமான மீன் என்றால் முதலிலேயே கடையில் விற்க விடாமல் இருந்திருக்கலாமே.

---

லங்காட் தூண்டில் பதில்:

அண்ணே, தயவுசெய்து ஆற்றில் விட்டுவிடாதீர்கள். நான் வேலைக்குப் போவது கேஎல்லில், வீடு காஜாங்கில். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது லங்காட் ஆற்றில் நண்பர்களோடு வீச்சுவலை போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆற்றில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். முன்பு லம்பாம், பாவுங் மாதிரி உள்ளூர் மீன்கள் மாட்டிய இடத்தில் இப்போது வலையை இழுத்தால் கனமாக வரும், சந்தோஷமாக இழுப்போம், கரைக்கு வந்ததும் பார்த்தால் எல்லாம் கறுப்புக் கறுப்பாக முள்ளும் ஓடுமாக இதுதான். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் விறைத்து நிற்கும் முள். விராலோ நீர்நாயோ கடித்து விழுங்க யோசிக்கும். சாக்கில் கட்டிப் போட்டுவிட்டு மத்தியானம் சாப்பிட்டு வந்து பிரித்தாலும் அசையும், தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் தாங்குகிற மீன் இது. அழுக்குத் தண்ணீர், பிராணவாயு குறைந்த தண்ணீர், எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

கரையைப் பார்த்தீர்கள் என்றால் இன்னும் கஷ்டமாக இருக்கும். முட்டை போடுவதற்காகக் கரை மண்ணைக் குடைந்து கை போனால் தோள்வரை போகிற அளவுக்குப் பொந்து வைக்கிறது, ஆண் மீன் உள்ளேயே கிடந்து முட்டையைக் காக்கும். தண்ணீர் வற்றும்போது கரை சல்லடை மாதிரி தெரியும். அடுத்த மழையில் அப்படியே சரிந்து விழும்.

உங்கள் மகன் சொன்னது சரி. செலாங்கூரில் 2025இல் மீன்வள இலாகா இந்த மீனைக் கிலோ 1 ரிங்கிட்டுக்கு வாங்கத் தொடங்கியது. பிடித்ததை உரமாகவும் தீவனமாகவும் மாற்றுவதுதான் யோசனை. காசு பற்றிக் கேட்டால் சிரிப்புதான் வரும், பெட்ரோலுக்கே போதாது. இருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் முன்பு பிடித்த மீனைக் கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருவோம், இப்போது கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. எத்தனை கிலோ, எந்த இடம் என்று கணக்கும் சேர்கிறது.

இதனால் மீன் ஒழிந்துவிடுமா? ஒழியாது. நேராகவே சொல்லிவிடுகிறேன். அடிக்கடி வலை போடுகிற வளைவில் மட்டும் குறைந்த மாதிரி தெரிகிறது, அங்கே சின்ன லம்பாம் திரும்பி வருவதைப் பார்த்தோம். நான்கு மாதம் விட்டால் மறுபடி பழைய கதை.

உங்கள் "ஒரு மீன்" கணக்குக்கு வருகிறேன். இருபது பேர் ஒரு ஞாயிறு முழுக்க முதுகு வலிக்கப் பிடிக்கிறோம். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை ஆயிரம் வீட்டில் தொட்டி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், எல்லோர் வீட்டிலும் ஒரு மீன்தான், எல்லோருக்கும் பாவம் பார்க்கிற ஒரு மனைவி. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அம்மாவும் அப்படித்தான்.

ஒன்று மட்டும்: ஆற்றில் பிடித்ததைச் சமைத்துச் சாப்பிடாதீர்கள். அடியில் கிடந்து சேற்றை மேய்கிற மீன், தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஆற்றில் ஈயமும் காட்மியமும் அதன் உடம்பில்தான் சேரும்.

---

கெப்போங் வாத்தியார் பதில்:

எல்லாம் சரி, ஆனால் அரசாங்கத்தை ஒரேயடியாகப் புகழ வேண்டாம். திலாப்பியாவை யார் கொண்டுவந்தது? ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்தது, அப்புறம் அரசாங்கமே குளம் வெட்டி வளர்க்கச் சொன்னது. இப்போது பாசாரில் சிவப்புத் திலாப்பியா இல்லாத நாளே கிடையாது. கெலி ஆப்பிரிக்கா என்ற கெளுத்தி? பெயரிலேயே ஆப்பிரிக்கா இருக்கிறது, வாங்கிக் குழம்பு வைக்கிறோம். அதுவும் ஆற்றில் தப்பி ஓடித்தான் கிடக்கிறது. விற்கிறதை வளர்ப்பு இனம் என்பார்கள், விற்காததை ஆக்கிரமிப்பு இனம் என்பார்கள்.

காசு கொடுத்துப் பிடிக்கச் சொல்கிற திட்டம் பற்றியும் ஒரு சந்தேகம். 1902இல் ஹனோயில் பிரெஞ்சுக்காரன் எலி வாலுக்குக் காசு கொடுத்தான், ஜனங்கள் வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு எலியைக் குட்டி போட ஓட விட்டார்கள். இங்கேயும் யாராவது குளத்தில் பண்டாராயா வளர்த்துக் கொண்டுவந்து கொடுத்தால்?

---

லங்காட் தூண்டில் பதில்:

வாத்தியாரே, கிலோ ஒரு வெள்ளிக்கு எவன் மீன் வளர்ப்பான்? தீவனக் காசே அதைத் தாண்டிவிடும். விலை குறைவாக இருப்பதில் அந்த ஒரு நன்மை உண்டு.

---

பட்டர்வொர்த் பெரியவர் பதில்:

நான் விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். மீன் என் துறை இல்லை, செடியும் பூச்சியும்தான் என் பிழைப்பு. ஆனால் தொட்டிக்காரத் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு என்னால் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல முடியும், பொறுமையாகப் படியுங்கள்.

ஆற்றில் வலை வீசுவதுதான் திட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம், அதுதான் கண்ணில் படுகிறது. உண்மையில் அது கடைசிக் கட்டம், தோற்ற பிறகு செய்கிற வேலை. ஜெயித்த வேலை எதுவும் யார் கண்ணிலும் படாது. ஏனென்றால் ஜெயித்தால் இங்கே ஒன்றும் நடந்திருக்காது.

உதாரணத்துக்கு நம் ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரம் அமேசான் காட்டு மரம். 1876இல் பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது, அங்கே முளைத்த கன்றுகளில் 22 மறு வருடம் சிங்கப்பூருக்கு வந்தன. மரம் வந்தது, அதன் இலையைத் தின்னும் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் மட்டும் கூட வரவில்லை. ஊரில் இருந்த எதிரி இங்கே இல்லாததால்தான் ஏக்கர் ஏக்கராக வரிசை கட்டி நட முடிந்தது. ஹென்ரி ஃபோர்டு அதே மரத்தை அதன் சொந்த ஊரான பிரேசிலில் 1920களின் கடைசியில் தோட்டமாகப் போட்டுப் பார்த்தார், அந்த நோய் மொத்தத்தையும் தின்று தீர்த்தது, 1945இல் விட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து செடி எதுவும் மலேசியாவுக்குள் வருவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பதற்கு அதுதான் காரணம். நூறு வருடத்துக்கு மேல் அந்த நோயை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதற்கு யாராவது போட்டோ எடுத்துப் போட்டார்களா?

பண்டாராயா மீனும் அமேசான் பக்கத்து மீன்தான். ரப்பர் இங்கே செழித்ததும் அந்த மீன் இங்கே செழித்ததும் ஒரே காரணத்தால். எதிரியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்த இரண்டு பேர். ஒன்று நமக்குச் சோறு போட்டது, இன்னொன்று கரையைக் குடைகிறது. ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே நின்றது, மீன் நிற்கவில்லை.

வாசல் காவல் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். செடிக்கு 1976ஆம் வருடத்துத் தாவரத் தொற்றுத்தடைச் சட்டம், மீனுக்கு 1985ஆம் வருடத்து மீன்வளச் சட்டம். பிரானா மாதிரி சில மீன்களைக் கொண்டுவரவே கூடாது என்று 1990 விதிமுறைகளில் தடை வந்தது. முன்பு விமான நிலையத்தில் செடிக்கு ஒரு இலாகா, மாட்டுக்கு ஒரு இலாகா, மீனுக்கு ஒரு இலாகா என்று தனித்தனி மேசை. 2011ஆம் வருடத்துச் சட்டத்தால் மாக்கிஸ் என்ற ஒரே துறையாகச் சேர்த்தார்கள், அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் அதில் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், 6 வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 2025இலிருந்து எல்லையில் நிற்கிற வேலை ஏ.கே.பி.எஸ். என்ற புது எல்லைப் பாதுகாப்பு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. இதற்கெல்லாம் மேலே ஆக்கிரமிப்பு இனங்களுக்கென்றே ஒரு தேசியச் செயல்திட்டமும் போட்டார்கள், 2021 முதல் 2025 வரைக்கும். தாளில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆள் எத்தனை பேர் என்பதில்தான் விஷயம்.

வாசலைத் தாண்டி வந்துவிட்டால் அடுத்தது சீக்கிரம் கண்டுபிடிப்பது. இதற்கு நான் சொல்லக்கூடிய கதை பார்த்தீனியம். தமிழ்நாட்டுப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம், ரயில் பாதை, வீட்டுமனை எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கும். 1950களில் அமெரிக்கக் கோதுமையோடு இந்தியாவுக்குள் வந்தது என்பார்கள். தொட்டால் அரிப்பு, பூந்தூளை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஆஸ்துமா, மாடு தின்றால் பால் கசக்கும். ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடும். மலேசியாவில் அதை முதலில் அடையாளம் கண்டது 2013இல், செலாங்கூர் உலு யாம், பத்தாங் காலி வட்டாரத்தில். இங்கே அதற்கு ரும்பாய் மியாங் மெக்சிகோ என்று பெயர் வைத்தார்கள்.

அப்போது எங்கள் ஆட்கள் செய்தது இவ்வளவுதான், ஆனால் ஓயாமல் செய்ய வேண்டியிருந்தது. ரோட்டோரமாக நடந்து நடந்து எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பது. பூப்பதற்கு முன்னால் கையுறையும் முகமூடியும் போட்டு வேரோடு பிடுங்கி, பையில் கட்டி எரிப்பது. அதிகமாக இருந்தால் களைக்கொல்லி. மாட்டுப் பட்டி, ஆட்டுப் பட்டி வைத்திருக்கிறவர்களிடம் போய், இந்த இடத்துச் சாணத்தையும் புல்லையும் லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பாதீர்கள் என்று கெஞ்சுவது. சட்டப்படி நிலத்துக்குள் நுழைந்து அழிக்கச் சொல்லும் அதிகாரம் உண்டு, ஆனால் பட்டிக்காரர் நாயை அவிழ்த்துவிட்டால் சட்டப் புத்தகமா கடிபடும்? அப்புறம் அதே இடத்துக்கு மறுபடி மறுபடி போவது, ஏனென்றால் மண்ணுக்குள் விதை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு தடவை பிடுங்கிவிட்டு வந்து அறிக்கை எழுதினால் அடுத்த மழையில் அறிக்கை பொய்யாகிவிடும். பிறகு கெடாவிலும் வேறு இடங்களிலும் கண்டார்கள். முழுக்க ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாடு மாதிரி இங்கே எல்லா ரோட்டோரமும் வெள்ளையாகவில்லை பாருங்கள், அது சும்மா நடந்ததில்லை.

மூன்றாவது நிலை, ஒழிக்க முடியாது என்று ஒத்துக்கொள்வது. எங்கள் செபராங் பிறை வயல்களில் கோண்டாங் எமாஸ் நத்தை இருக்கிறதே, 1990களின் தொடக்கத்தில் மலேசியாவுக்குள் வந்தது, நாற்றை ராத்திரியோடு ராத்திரியாகத் தின்றுவிடும். தண்டில் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை. வயலுக்குத் தண்ணீர் வரும் வாயில் கம்பி வலை கட்டுவது, குச்சி நட்டு அதில் முட்டை போட வைத்துச் சுரண்டி எடுப்பது, வாத்து விடுவது என்று விவசாயிகள் அதோடு வாழப் பழகிவிட்டார்கள். பண்டாராயா மீனும் இந்த நிலைக்கு வந்துவிட்டது. லங்காட் தம்பி சொன்ன மாதிரி வளைவுக்கு வளைவு குறைத்து வைப்பதுதான் இனி சாத்தியம். கடையில் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டீர்கள். அலங்கார மீன் வியாபாரத்தில் ஊறிப்போன பிறகுதான் ஆற்றில் அது பிரச்சினை என்று தெரிந்தது, அதற்குள் ஊர் முழுக்கத் தொட்டியில் இருந்தது. எனக்கும் அது தோல்வி என்றுதான் படுகிறது.

---

பாயான் லெப்பாஸ் பொண்ணு பதில்:

ஐயா, ஒரு சின்னத் தகவல். நான் ஃபேக்டரியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். மரப் பலகைத் தட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு எச்.டி. என்று முத்திரை குத்தியிருப்பார்களே, அதுவும் இந்தக் காவல்தான். மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் வண்டுப் புழு செத்துவிடும், அந்த முத்திரை இல்லாத பலகையில் சாமான் போனால் அந்தப் பக்கத்து நாட்டில் நிறுத்திவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது ஏதோ கம்பெனி மார்க் என்று நினைத்திருந்தேன். துறைமுகத்தில் கப்பல் நிலையாக நிற்க அடியில் ஏற்றும் தண்ணீருக்கும் இதே மாதிரி விதி உண்டு, ஒரு கடலில் ஏற்றிய தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் இன்னொரு கடலில் கொட்டக்கூடாது, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தம் அது.

அப்புறம் ஒரு கேள்வி. அடுத்த மாதம் பாட்டி சென்னையிலிருந்து நேராகப் பினாங்குக்கு வருகிறார். மதுரை மல்லிகைக் கன்று இரண்டு சேலைக்குள் சுற்றிக் கொண்டுவருவேன் என்கிறார். விடலாமா?

---

பட்டர்வொர்த் பெரியவர் பதில்:

விடாதே அம்மா. முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்கி, அங்கே தாவர நலச் சான்றிதழும் எடுத்தால்தான் கன்று வரலாம், அதுவும் மண் இல்லாமல். சேலைக்குள் சுற்றின மாங்கன்று, பனியன் துணியில் சுற்றின வெற்றிலைக் கொடி, புட்டுக் குழலுக்குள் செருகின கறிவேப்பிலைக் கன்று எல்லாம் நான் பார்த்தாயிற்று. பாதிப் பேர் நம்மவர்கள், பாதிக் கன்றில் மாவுப்பூச்சி. பிடுங்கி வைக்கும்போது என்னை அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, ஏதோ பேரப்பிள்ளையைப் பிடுங்கின மாதிரி. மல்லிகை இங்கே நர்சரியிலேயே நன்றாகக் கிடைக்கிறது, வாங்கி வைத்துவிட்டு மதுரை மல்லிதான் என்று பாட்டியிடம் சொல்.

---

பிரிக்பீல்ட்ஸ் மீனா பதில்:

இவ்வளவு பேசுகிறீர்கள், யாரும் காக்கையைப் பற்றிச் சொல்லவில்லையே.

நான் பிறந்தது கிள்ளானில். சாம்பல் கழுத்துக் காக்கை இந்த மண்ணின் பறவை இல்லை என்று படித்த அன்று நம்பவே முடியவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் காப்பித் தோட்டத்தில் புழு அதிகம் என்று வெள்ளைக்காரன் சிலோனிலிருந்து கிள்ளானுக்குப் பிடித்து வந்து விட்டானாம். காப்பி போய்விட்டது, காக்கை இருக்கிறது. காட்டோரமாகப் பார்க்கிற முழுக் கறுப்பு அண்டங்காக்கைதான் இங்கேயே இருந்தது.

இப்போது பல நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்துச் சுடுகின்றன. எங்கள் தாமானில் ஒரு தடவை காலை ஏழரை மணிக்குச் சுட்டார்கள், அன்று அமாவாசை. அம்மா, இறந்துபோன அப்பாவுக்குப் படைத்துவிட்டு, வாழை இலைத் துண்டில் சோறு வைத்து "கா கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார், பக்கத்துத் தெருவில் டப்பு டப்பு. அறிவிப்பு ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. அம்மா அந்த வாரம் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. குப்பைத் தொட்டியைக் கிளறுகிறது, மற்றக் குருவிக் கூட்டைக் கலைக்கிறது, முட்டையைத் தின்கிறது, எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது அப்பா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த "வந்தேறி இனம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நம்மைப் பெண்டாத்தாங், அதாவது வந்தேறி, என்று கூப்பிட்டவர்கள் இருக்கிற ஊர் இது. சிலோனிலிருந்து அதே கப்பலில் அதே தோட்டத்துக்கு வந்த காக்கையைச் சுடும்போது நான் எந்தப் பக்கம் நிற்பது?

---

கெப்போங் வாத்தியார் பதில்:

தங்கச்சி, அந்தச் சொல் எனக்கும் பிடிக்காது. ஆனால் வெளியிலிருந்து வந்தது எல்லாமே ஆக்கிரமிப்பு இனம் இல்லை. மிளகாய் மெக்சிகோ, மரவள்ளி தென்னமெரிக்கா, செம்பனை ஆப்பிரிக்கா, யாரும் அதைச் சுடவில்லை. வந்த இடத்தில் மற்றதை அழித்துக்கொண்டு பரவினால்தான் அந்தப் பெயர். பல நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து நடத்தும் பல்லுயிர் அறிவியல் குழு 2023இல் போட்ட கணக்குப்படி மனிதன் இடம் மாற்றிக் குடியேற்றின இனம் 37,000க்கு மேல், அதில் கெடுதல் செய்கிறது 3,500க்கு மேல். பத்தில் ஒன்று. அந்த ஒன்று செய்கிற சேதம் மட்டும் வருடத்துக்கு 42,300 கோடி டாலருக்கு மேல்.

நேற்று அரசாங்கத்தைத் திட்டினேன், இன்று அதற்கு வக்காலத்து வாங்குகிறேன், என்னவோ போங்கள்.

---

பட்டர்வொர்த் பெரியவர் பதில்:

மீனா, காக்கை விஷயத்தில் என் வீட்டிலும் இதே சண்டைதான், என் மனைவி இன்றைக்கும் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். சுடுவதால் மட்டும் குறையாது, குப்பை திறந்து கிடக்கிற வரைக்கும் காக்கை வரும். ஏமன் பக்கத்தில் சொகோத்ரா என்று ஒரு தீவு, 1990களில் ஒரு ஜோடி வந்து சேர்ந்தது, குஞ்சைப் பிடித்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் பெருகாமல் வைத்து, மிச்சம் இருந்ததை 2009இல் ஒழித்தார்கள். கைவிரலில் எண்ணுகிற அளவில் இருந்ததால் முடிந்தது. கிள்ளானில் நூறு வருடம் தாமதம்.

வாத்தியார் திலாப்பியாவைச் சொன்னார், நியாயம்தான். வேண்டுமென்றே கொண்டுவருவதிலும் இரண்டு விதம் உண்டு. செம்பனையையே எடுங்கள். 1981க்கு முன்னால் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவ வேண்டும், தோட்டத்துப் பெண்கள் தூள் டப்பாவை வைத்துக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள், என் அக்காவே போயிருக்கிறாள். ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூன் வரைக்கும் போய் ஆராய்ந்து, அங்கே இந்த வேலையை ஒரு சின்ன வண்டுதான் செய்கிறது என்று கண்டுபிடித்தார். உடனே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடவில்லை. வேறு பயிரைத் தின்கிறதா, கூடவே நோய் ஏதாவது வருகிறதா என்று தனியாக வைத்துப் பார்த்து, சோதித்து, அப்புறம்தான் 1981இல் ஜொகூரில் விட்டார்கள். இன்றைக்கு நாடு முழுக்க அந்த வண்டுதான் வேலை செய்கிறது, செம்பனைப் பூவைத் தவிர வேறு எதையும் சீண்டவில்லை. தமிழ்நாட்டில் 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியதே, அதற்கும் 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள்.

சோதிக்காமல் அவசரத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரை இருக்கிறது, 1935இல் வண்டு தின்னும் என்று விட்டார்கள், வண்டைத் தவிர மற்றதெல்லாம் தின்றது. கிள்ளான் காக்கையும் அந்த ரகம்தான்.

தொட்டிக்காரத் தம்பி, உங்கள் மீனுக்கு வருவோம். பெரிய தொட்டி வைத்திருக்கும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சில பேர் காசு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கோவில் குளம், தாமான் ஏரி, ஆயர் ஈத்தாம் கெக் லோக் சியில் ஆமை விடுகிற மாதிரி எங்கேயாவது "புண்ணிய" இடம் என்று போய்விடாதீர்கள். அந்தக் குளத்தில் கிடப்பதில் எத்தனை சிவப்புக் காது அமெரிக்க ஆமை என்று ஒரு நாள் நின்று எண்ணிப் பாருங்கள். யாருமே எடுத்துக்கொள்ளவில்லை என்றால், கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மீன் மயங்கி வலி இல்லாமல் போய்விடும், மூச்சு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். உயிரோடு ஐஸ் பெட்டியில் போடாதீர்கள், இவ்வளவு பெரிய மீனுக்கு அது சித்திரவதை.

---

செந்தூல் தொட்டிக்காரன் பதில்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து முழுக்க வாசித்துக் காட்டினேன். கரையில் பொந்து வைக்கிற இடம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கிராம்பு எண்ணெய் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

மீன் வாங்கின கடையில் கேட்டோம், சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டார்கள். சனிக்கிழமை முழுக்க மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவது கடையில் முன்பக்கம் எட்டடித் தொட்டி வைத்திருக்கிற ஒரு சீனப் பெரியவர் பார்த்ததும் "வாஹ், பெசார்" (அடேயப்பா, பெரிசு) என்று சொல்லி எடுத்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே இதே அளவில் இரண்டு கிடக்கிறது, யாரோ கொண்டுவந்து கொடுத்ததுதானாம். ஈரச் சாக்கில் சுற்றி வாளியில் வைத்துக் கொண்டுபோனோம், போகிற வழியெல்லாம் மகன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஒன்று மட்டும் அந்தப் பெரியவரிடம் கேட்டான்: அங்கிள், குட்டி மீனை விற்கும்போது இவ்வளவு பெரிதாக வளரும் என்று சொல்லி விற்கிறீர்களா? அவர் பதில் சொல்லவில்லை, பேனாவை எடுத்து விலை அட்டையில் "45 செ.மீ." என்று எழுதி ஒட்டினார்.

தொட்டியில் இப்போது மூன்று கப்பிதான். பாசி மறுபடி படிய ஆரம்பித்துவிட்டது, மகன் பழைய பல் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.